நகராத இருக்கை

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து துருவும் எண்ணெயும் கலந்த வாசனை போகவில்லை. டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. முதுகு வலிக்கிறது. படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததால் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நம் காரின் ஓட்டுநர் இருக்கையை ஒருவழியாகக் கழற்றிவிட்டோம். நானும் உங்கள் தம்பியும்.

விழுப்புரத்தில் நம் தெருவுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, காருக்குள் இருக்கை மட்டம் வரை நின்றது நினைவிருக்கிறதா? தண்ணீர் வடிந்த பிறகு எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கை மட்டும் நகரவில்லை. உங்கள் நீளக் காலுக்காகக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தீர்கள். அங்கேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, இருக்கையைக் கழற்றித் துருவைத் தேய்த்துவிடலாம் என்று ஸ்பேனரோடு உட்கார்ந்தீர்கள். போல்ட்டின் தலை மழுங்கியதே தவிர அசையவில்லை. உங்களுக்கு மூச்சு வாங்கியது. சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த உடம்பு. “கெடக்கட்டும் விடு. நான்தான ஓட்டப்போறேன்,” என்று எழுந்துவிட்டீர்கள்.

போகும்போது நீங்கள்தான் ஓட்டுவீர்கள். ஊசி குத்திய கையோடு திரும்பும்போதும் நீங்கள்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கண்டமங்கலம் தாண்டியதும் புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினீர்கள். முகமெல்லாம் வியர்வை. “அஞ்சு நிமிசம்,” என்று கண்ணை மூடினீர்கள். வெயில் சாயும்வரை திறக்கவில்லை. எழுப்பவும் பயம், எழுப்பாமல் இருக்கவும் பயம். விழித்ததும் நீங்கள் சொன்னது: “இந்த சீட்டு நவுந்தா நீ ஓட்டலாம்.”

“எனக்கு எங்கங்க ஓட்டத் தெரியும்?”

“கத்துக்குவ.”

நீங்கள் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஓட்டுநர் பள்ளிக் காரில் ஓட்டி லைசென்சும் வாங்கினேன். ஆனால் நம் காரில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தும் கிளட்ச் பாதிதான் அமுங்கியது. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் வந்து, தன் நீளக் காலை வசதியாக நீட்டிக்கொண்டு, திண்டிவனத்திலுள்ள தன் பட்டறைக்கு ஓட்டிப்போனார்.

அவர் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். கார் வேலை அவருக்கும் புதிது. ஞாயிறுதோறும் நான் பஸ் ஏறிப் போவேன். நாலு போல்ட்டுக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் தட்டி, மறுபடியும் எண்ணெய் விட்டு வருவோம். முன்னால் இருந்த இரண்டும் வந்தன. பின்னால் ஒன்றை, நீங்கள் மழுங்கவைத்ததை, பைப் ஸ்பேனரால் கவ்வித் திருகி எடுத்தார். கடைசிப் போல்ட் பாதியில் முறிந்து, தலை அவர் கையோடு வந்துவிட்டது. “பேஜாரா போச்சி அண்ணி,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை இருக்கையைத் தூக்கி வெளியே வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, தரைவிரிப்பையெல்லாம் உரித்துப் போட்டோம். சுற்றிலும் ஈரச்சாக்கு. முறிந்து நின்ற துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். சிவப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தோம். அப்போதுதான், என்னைப் பார்க்காமல், கேட்டார்.

“என் கிட்னிய எடுத்துக்கோன்னு எத்தினி தபா கேட்டேன் அண்ணி. வாணாம் வாணாம்னே சொல்லிக்கினு இருந்தாரு. கடைசில, ‘ஒன்னுது எனக்கு எதுக்குடா’ன்னாரு. நான் என்னா அவருக்கு அந்நியமா?”

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உங்கள் அடக்கத்துக்குத்தான் வந்தார். அவரிடம் அப்படிப் பேசிய அன்று இரவெல்லாம் நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். ‘சின்னச் சின்னக் கொழந்தைங்கள வச்சிக்கினு இருக்கான். அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா? கோவமாவே இருக்கட்டும். கோவம் இருந்தாதான் மறுபடி கேக்க மாட்டான். நீயும் சொல்லாத.’ உங்கள் சொல்லை இத்தனை நாள் காப்பாற்றினேன். இன்று முடியவில்லை. களைத்துப்போயிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து காருக்குள் குனிந்தார். ஸ்பேனரை நட்டில் மாட்டினார். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். கீச்சென்று ஒரு சத்தம். துண்டு சுழன்று வெளியே வந்தது. அதைக் கையில் எடுக்க முடியாமல், அப்படியே ஸ்டியரிங்கில் தலையை முட்டுக்கொடுத்து அழுதார். “லூசு மாதிரி பண்ணிட்டியேண்ணா,” என்றார். உங்களைத்தான். நான் வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும்?

மதியத்துக்குள் இருக்கை சறுக்கும் தடத்தைத் தேய்த்து, கிரீஸ் தடவி, புது போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். நான் ஏறி உட்கார்ந்து, இருக்கைக்கு அடியிலிருந்த நெம்பியை இழுத்தேன், இருக்கை என்னோடு முன்னால் வந்தது. கிளட்ச் முழுதும் அமுங்கியது. விழுப்புரம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட அலுப்புத்தான் அதிகமாக இருந்தது. நீங்கள் உயிரோடு இருந்தபோது நடந்திருக்க வேண்டிய காரியம்.

பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் உங்கள் தம்பி. நெடுஞ்சாலையில் ஏறியதும் என்னையறியாமல் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். நாலு வருஷம் டயாலிசிஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், இருட்டுமுன் திரும்பவேண்டும் என்றே ஓடிய மனம் இது. அந்தப் பதைப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

“மெதுவா போங்க அண்ணி,” என்றார். “என்னா அவசரம்?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலைத் தளர்த்தினேன். பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் எங்களைக் கடந்து போயின.