குடிசைக்கான இசை

பிப்ரவரி 11, கோத்தகிரி

நான் இசையமைக்கிற வீடியோ கேமில் ஒரு குடிசை வரும். சண்டை போட்டுக் களைத்த வீரன் அங்கே படுத்துத் தூங்கலாம். யாரும் தாக்க முடியாது. அதற்கான பின்னணி இசையை நேற்று அனுப்பினேன். புல்லாங்குழலுக்கு அடியில் ஏதோ ஒரு மானின் குரல் நான்கு முறை வரும். போன வாரம் நானே பதிவு செய்தது. அந்தக் குரல்தான் நிம்மதியாக இருக்கிறது என்று இன்று காலை கேம் கம்பெனியிலிருந்து எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து என் மனைவி சுமதி வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முதல் குரலிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இத எங்க புடிச்சீங்க?"

"நம்ம ஊட்டுக்குப் பின்னாடி, ஓடைக்கிட்ட. ஏன்?"

"இது கடமான் பயந்துபோய்க் கத்தறதுங்க. பக்கத்துல சிறுத்தை இருந்தா இப்படித்தான் கத்தும். இதக் கேட்டா நாங்க எலையப் போட்டுட்டு ரோட்டுக்கு ஏறிருவோம்."

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி மிஷின் சத்தத்தை வைத்தே எது ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். மான் எப்படிக் கத்தினாலும் எனக்கு ஒன்றுதான்.

குரலை எடுத்துவிடலாமா? கேம் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. விளையாடுகிறவர்களுக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் குடிசைக்கு வெளியே என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே.

இப்போதுதான் வெட்டாத பதிவை முழுதாகக் கேட்டேன். மூன்றாவது கத்தலுக்கும் நான்காவதற்கும் நடுவே ஒரு நீளமான கொட்டாவி. என்னுடையதுதான்.