கிளவுட்டில் இருந்த கவிஷா

ஜூன் 3
பிள்ளைக்காம்பராவில் நாப்பி ஊறவைத்த வாளிக்குள் போன் விழுந்துவிட்டது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் அத்தனை பேரின் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன், என் போனைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 5
அரிசியும் வீண். போனும் வீண்.

பொகவந்தலாவை டவுனில் சப்ராஸ் நானாவின் போன் கடைக்குக் கொண்டுபோனேன். இது அவ்வளவுதான் தங்கச்சி என்றார். கவிஷா பிறந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தானே? எட்டு மாதம். அதற்கு மேல் எடுக்க அவள் இல்லை. இதயத்தில் ஓட்டை, போன வருஷம் போய்விட்டாள்.

படம் போனில் இல்லை, கிளவுட்டில் இருக்கிறது, புதுப் போனில் கணக்கைத் திறந்தால் தானாக வந்துவிடும் என்று நானா சொன்னார். என்னமோ. எந்த நாட்டிலோ, எவனோ வைத்திருக்கிற மெஷினில் என் பிள்ளை. அவனுக்கு என்ன அக்கறை?

ஜூன் 11
புதுப் போன் வாங்கிக் கணக்கைத் திறந்தாயிற்று. படங்கள் வந்தன. கோயில் திருவிழா, மாமியின் ஆடு, கீழ் லயத்துக் கல்யாணம் எல்லாம் வந்தது.

கவிஷா இல்லை. ஒண்ணுகூட இல்ல. ஆடு இருக்கு, எம்புள்ள இல்ல!

ஜூன் 12
அப்பவே பிரிண்ட் போட்டு வைக்கச் சொன்னேனே என்று மாமி ஆரம்பித்தார். சொன்னார்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். சாப்பிடாமலே வேலைக்குப் போனேன்.

சாயந்திரம் கத்தாரில் வேலை செய்கிற இவர் பேசினார். படமெல்லாம் போச்சுங்க என்று அழுதேன். உடனே லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நல்லாத்தானே இருந்தது?

ஜூன் 14
கடைக்குப் போய் நானாவிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் கோபிக்கவில்லை. கிளவுட்டுக்கு ஒரு பிள்ளையை மட்டும் தெரிந்தெடுத்துத் தொலைக்கத் தெரியாது, ஆள்தான் அழித்திருக்கணும் என்றார். கணக்கின் குப்பைத் தொட்டியைத் திறந்து காட்டினார்.

அவள் படம் அத்தனையும் அதில் கிடந்தது, என் போன் கெட்ட பிறகு அழித்தது. அழித்தது கொஞ்ச நாள்தான் அங்கே இருக்குமாம், அப்புறம் சுத்தமாகப் போய்விடுமாம்.

இந்தக் கணக்கு வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. இவர் கத்தார் போவதற்கு முன்னால் ரெண்டு போனிலும் ஒரே கணக்கைப் போட்டுத் தரச்சொன்னதே நாங்கள்தான். நான் இங்கே எடுக்கிற படம் அங்கே தானாகப் போய்ச் சேரட்டும் என்று. அப்போது அவள் என் வயிற்றில் இருந்தாள். ஒரு இடத்தில் அழித்தால் ரெண்டு இடத்திலும் போய்விடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன்.

ஜூன் 15
நானே கூப்பிட்டேன். ஏன் அழிச்சீங்க?

சொன்னார்: “தெனமும் காலையில போனே அவ மூஞ்சியக் காட்டுது சர்மி. போன வருஷம் இதே நாள்னு. நான் கேக்காமலே காட்டுது. நீ அவளத் தூக்கி வச்சிருந்த. நான் படத்துலதான் பாத்தேன். அதயும் பாக்க முடியல.”

உங்க போனில் மட்டும் அழிகிறதென்று நினைத்தீங்களா என்றேன். ஆமாம் என்றார்.

திட்டத்தான் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இந்த மனுஷன் தனியாக ஒரு ரூமில் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

ஜூன் 17
நானாவிடம் சொல்லி, இவர் போனிலிருந்து கணக்கை எடுத்தாயிற்று. அவருக்குப் புதுசு ஒன்று. படங்களைப் பென்டிரைவ் ரெண்டில் போட்டு, ஒன்று மாமியின் பெட்டியில். கொஞ்சம் பிரிண்டும் போட்டோம். கிளவுட்டிலும் இருக்கட்டும். அது சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்.

ஜூன் 20
மழை. பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைக்கும் சளி.

ஜூன் 26
மத்தியானம் இவரிடமிருந்து மெசேஜ். “சிரிக்கிற படம் வேணாம். தூங்குற மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்பு.”

வேலை முடிந்து வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒன்றிலும் அவள் தூங்கவில்லை. அப்பாவுக்குப் போகிற படமென்று, முழித்திருக்கும்போதுதான் எல்லாம் எடுத்திருக்கிறேன்.