வறண்ட நிலம் என்று எழுதினேன்

2009 ஜூலை 20, திங்கள்
மதுரை கோச்சடையில் ஒரு மாடி மேல் கம்பம். இருபது கிலோமீட்டர் தள்ளி வாடிப்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இன்னொரு கம்பம். நடுவில் ஒயரே கிடையாது. இன்று ஒன்பது எம்பி வேகத்தில் இன்டர்நெட் வந்தது. வைமாக்ஸ் என்றால் இங்கே எவனுக்கும் தெரியாது, தெரியவைக்கிறேன். தொண்ணூறு நாள் அறுபடாமல் ஓடினால் நாற்பது கிராமத்துக்குப் போகும். எனக்கும் வேலை நிரந்தரம்.
ஆய்வுப் படிவத்தில் 'நிலத்தின் தன்மை' என்ற இடத்தில் 'வறண்ட நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று வருடமாச்சு.

ஆகஸ்ட் 31
நாற்பத்து மூன்றாம் நாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. எங்கள் மேனேஜர் ஆன்சன் சார்கூடச் சிரித்தார்.

செப்டம்பர் 14
வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். "வந்துருச்சுடா சோலை! எம்புட்டுத் தண்ணி, வந்து பாருடா!"
போய்ப் பார்த்தேன். அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாச்சு.

செப்டம்பர் 24
அறுந்தது. அறுபத்தேழாம் நாள். வந்தது, மறுபடி போச்சு — நாலு தடவை. கம்பத்து ரேடியோப் பெட்டியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. கம்பம் ஏறும் அழகுபாண்டி அண்ணே இறங்கி வந்து, "மாப்ள, மேல நின்னு பாத்தா கண்ணாடிய விரிச்சு வச்ச மாதிரி இருக்கு. கண்ணு கூசுது" என்றார்.
கண்ணாடி!
சே. எம்புட்டுப் பெரிய முட்டாள் நான். நடவுக்குக் கட்டிய தண்ணீரில் சிக்னல் பட்டுத் தெறிக்கிறது. தெறித்தது, நேராக வருவதோடு மோதி அதையே அழிக்கிறது. காலேஜ் இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் முழு மார்க் வாங்கினேன்.

செப்டம்பர் 28
ஆன்சன் சார் படிவத்தை மேசையில் விசிறினார். "நீ வாடிப்பட்டிக்காரன்தான? விவசாயி மகன்தான? வறண்ட நிலம்னு எழுதிருக்க!"
கம்பத்தை ஆறடி இறக்கினால் தென்னந்தோப்பு அந்தத் தெறிப்பை மறைத்துவிடும், ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்றேன்.
"அறுந்தது அறுந்ததுதாம்ப்பா. எல்.டி.இ.ன்னு புதுசா ஒண்ணு வருது, இதை எதுக்குக் கட்டிட்டு அழணும்னு மேல கேக்குறாங்க."

செப்டம்பர் 29
தண்ணீர் வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

செப்டம்பர் 30
அப்பாவுக்கு என்ன புரியும் என்று சொல்லாமலே இருந்தேன். இன்று சொன்னேன். தட்டில் கையை வைத்தபடி கேட்டார்: "நம்ம வயல வேணா காயவிட்ரவாடா?"
நாத்துப் பாவிவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுசன்.
"லூசாப்பா நீ?" என்று கத்திவிட்டேன். "நம்ம ரெண்டு ஏக்கரு காஞ்சா பத்துமா? வழி பூராத் தண்ணி!"
அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.
ஏன் கத்தினேன்? நான் நினைத்ததை அவர் வாய்விட்டுச் சொன்னதாலா?

அக்டோபர் 12
கம்பத்தை எடுக்க வந்துவிட்டார்கள். அழகுபாண்டி அண்ணே என் முகத்தைப் பார்க்காமலே போல்ட்டைத் திருகினார். ஆறடி இறக்கி ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவோமா என்று கேட்டேன்.
"கோச்சடைல நேத்தே கழட்டியாச்சு மாப்ள."
கையோடு கொண்டுவந்த கவரைக் கொடுத்தார். மாதக் கடைசியோடு வேலை இல்லை. இரண்டு வரி.

அக்டோபர் 13
ஒன்றுமில்லை.

2010 பிப்ரவரி 7
அறுப்பு முடிந்தது. வீடு முழுக்க நெல் வாசம். மாடியில் நின்றிருந்தேன். கம்பம் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. அப்பா ஏறி வந்து பக்கத்தில் நின்றார். கோச்சடைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"வயக்காடு பூராக் காஞ்சுருச்சுடா. இப்ப உன் நெட்டு எடுக்குமா?"
"எடுக்கும்ப்பா."
"அப்ப அவங்களுக்கு ஒரு போனப் போட்டு வரச்சொல்லு."
சரி என்றேன். அவர் படியிறங்கிப் போகும்வரை நம்பர் போடாத போனைக் காதில் வைத்திருந்தேன்.