மேசைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு உதவி மேசை. பட்டியல் அறையில் இத்தனை வருடம் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியாயிற்று. அவற்றில் ஒன்றுகூட என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. உதவி மேசையில் இருந்தவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். "வேற ஆள் இல்ல, நீதான்" என்று தலைமை நூலகர் சொல்லிவிட்டார். 

காலையிலிருந்து வந்தவை: கழிப்பறை எங்கே. ஒரு குடையை விட்டுப் போனேன், பார்த்தீர்களா. "போன வருஷம் இங்க ஒரு புத்தகம் படிச்சேன் மேடம். நீல அட்டை. இவ்ளோ கனம் இருக்கும்" என்று விரல்களை அகட்டிக் காட்டினார் ஒருவர். கதையா, கட்டுரையா என்றேன். "அதெல்லாம் ஞாபகமில்ல. நல்லா இருந்துச்சு."

மாலையில் தலைமை வந்து நின்றார். "கேக்கறது ஒண்ணா இருக்கும், தேவை வேற ஒண்ணா இருக்கும். உடனே பதில் சொல்லிடாத. இன்னொரு கேள்வி கேளு."

எனக்கு அதுதானே வராது. புது ஆட்களிடம் பேசினால் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. பல் வரிசையைப் பற்றிப் பள்ளியில் யாரோ சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மார்ச் 4, செவ்வாய்

வந்தவர்களில் பாதிப் பேர் "ஒண்ணுமில்ல, சும்மா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்றுமில்லாமல் யார் இத்தனை படி ஏறி வருவார்கள்?

மார்ச் 6, வியாழன்

மனசு சரியில்லை. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

மதியம் ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பேருந்து ஓட்டுநர் சீருடை, மேலே ஒரு பழைய சட்டை. "சத்தத்தைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்குங்களா?" இயற்பியல் அடுக்கிலிருந்து ஒலியியல் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து வைத்துவிட்டு, "இது இல்லீங்க" என்றார்.

"வேற எப்படி வேணும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். கண்ணைக்கூடப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. என்ன இந்த மனுஷன் இப்படி வெறிக்கிறார்! கையை இன்னும் இறுக்கி வாயை மறைத்துக்கொண்டேன். "என்னங்க?" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடி "என்னங்க?" பிறகு மெதுவாக, "காது..." என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "காதா? காது கேக்காதவங்களுக்கா?" என்று கத்திவிட்டேன்.

வாசிப்புக் கூடம் முழுக்கத் தலை நிமிர்ந்தது.

அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது. "இல்லல்ல, எனக்கில்ல. பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல கேட்டாங்க" என்று சொல்லி, நான் தேடி எடுப்பதற்குள் போய்விட்டார்.

அவர் வெறிக்கவில்லை. என் உதட்டைப் படிக்கப் பார்த்திருக்கிறார். நானோ அதையும் பொத்திக்கொண்டு, கேட்கவில்லையா என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

தலைமையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மேசைய ஏன் நடுவுல வச்சுக்கற? அடுத்த தடவை எந்திரிச்சுப் போயி பக்கத்துல உக்காரு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எதற்கு வருவார்?

மார்ச் 11, செவ்வாய்

சத்தத்தைப் பற்றிப் புத்தகம் கேட்டவர்தான் எங்கள் வழித்தடப் பேருந்தை ஓட்டுகிறார். இத்தனை நாள் அதில்தான் வீடு திரும்பியிருக்கிறேன், ஓட்டுநரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இன்று கூட்டம். முன்னால் போய் அவர் இருக்கைக்குப் பின்னால் நின்றேன். நடுவிலிருந்து ஒரு பெரியவர், "நிறுத்துங்க, இறங்கணும்!" என்று கத்தினார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கத்தினார். யாரோ மணிப் பொத்தானை அழுத்த, ஓட்டுநர் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தினார். பெரியவர் இறங்கும்போது, "காதுல பஞ்சு வச்சுட்டு ஓட்டறான் போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

 விளக்கு எரிகிறது, அதனால் நிறுத்துகிறார். விளக்கு எரியாத சத்தங்கள்? பின்னால் வரும் ஆம்புலன்ஸ்? சக்கரத்துக்குப் பக்கத்தில் யாராவது அலறினால்?

மார்ச் 12, புதன்

காலை காப்பியின்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? டிப்போவுக்கு ஒரு போன் போடு" என்றார்.

"அவர் என்கிட்டப் புத்தகம்தான் கேட்டாரு. அதை வச்சு அவர் பொழப்புல மண்ணைப் போடவா?"

"நாளைக்கு ஒரு குழந்தை அடிபட்டா, அவர் புத்தகம்தான் கேட்டாருன்னு அதோட அம்மாகிட்டச் சொல்லுவியா?"

 இவர் சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல்.

மதியம் தலைமையிடம், யார் என்று சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "மேசையில கேட்டது மேசையோட இருக்கணும். இல்லன்னா நாளைக்கு ஒருத்தரும் உண்மையாக் கேக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "ஆனா அவர்கிட்டயே பேசறதை யாரும் தடுக்கலையே" என்றார்.

அவர்கிட்டயே. சொல்வது சுலபம். மேசை தாண்டி ஒரு ஆளிடம் நானாகப் போய்ப் பேசியதாக நினைவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பேசினேன். கெடுத்துவிட்டேன்.

என் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன். எல்லோரும் இறங்கியபின் அவர் வெளியே நின்று பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பேசணும்" என்றேன். திரும்பவில்லை. முதுகிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்து முன்னால் சுற்றிப் போனேன்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "நூலகத்து மேடமா? நான் புத்தகம் ஒண்ணும் எடுத்துட்டு வரலீங்களே!"

சிரிப்பு வந்துவிட்டது. கையைக் கீழேயே வைத்துக்கொள்ளப் பாடாய்ப் பட்டேன். "அன்னிக்குக் கத்தினது என் தப்புங்க. மன்னிச்சுக்கங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவரும் சிரித்தார். "அட விடுங்க. கத்தாட்டி எனக்கெங்க கேட்டிருக்கப் போவுது" என்றார்.

சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. துணி பிடித்த கை அப்படியே நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "வீட்டுக்காரர்கிட்ட" என்றேன்.

"அப்ப முடிஞ்சுது" என்றார். "அவர் ஒருத்தர்கிட்டச் சொல்வாரு, அவரு இன்னொருத்தர்கிட்ட. உங்களுக்கு நான் என்னங்க பண்ணேன்? ஒரு புத்தகம் கேட்டேன். அது ஒரு குத்தமா?" வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் அவரும் இப்பால் நானும். நான் பேசப் பேச, அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பார்க்காவிட்டால் அவருக்கு நான் பேசவே இல்லை.

மார்ச் 15, சனி

இவர் கெடு வைத்துவிட்டார். "ஒரு வாரம். அதுக்குள்ள அந்தாளு ஏதாவது பண்ணணும். இல்லன்னா நான் போன் போடுவேன். நீ கோவிச்சுக்கோ, பரவாயில்ல."

மார்ச் 18, செவ்வாய்

அந்தப் பேருந்தில் ஏறப் பயமாக இருக்கிறது, ஏறாமலிருக்கவும் முடியவில்லை. நான் ஏறிவிட்டால் விபத்து நடக்காதா என்ன? பைத்தியக்கார யோசனை.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. அவர் எதற்குப் புத்தகம் தேடினார்? காதுக்கு வைத்தியம் வேண்டுமென்றால் மருத்துவரிடம் போவார். போகாமல் இங்கே வந்தார். மருத்துவரிடம் கேட்க முடியாத எதையோ கேட்க வந்திருக்கிறார். சத்தம், காது — அதெல்லாம் சுற்றுவழி. நேர்வழியில் என்ன இருக்கிறது? வேலையாக இருக்குமோ?

சாயங்காலம் நிலவறைக்குப் போய்ப் போக்குவரத்துத் தொழிலாளர் பணி விதிகளை எடுத்து வந்தேன். தடிப் புத்தகம். நானே பட்டியலிட்டு உள்ளே தள்ளியதுதான். இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் வந்தால்.

மார்ச் 20, வியாழன்

ஒரு அம்மாள் சட்டப் புத்தகம் கேட்டார். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்காக என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மரம் அவர் ஜன்னலை மறைக்கிறதாம். சட்டம் வேண்டாம், நயமாக எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் போதுமாம். அரை மணி நேரம் மரத்தைப் பற்றியே பேசினோம்.

ஓட்டுநர் வரவில்லை. இவர் கெடு சனிக்கிழமை.

மார்ச் 21, வெள்ளி

வந்தார்.

மூடும் நேரம் நெருங்கிக் கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. மேசைக்கு எதிரே வந்து நின்றார். எழுந்து அந்தப் பக்கம் போனேன். ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போய், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டேன்.

"புத்தகத்தை விடுங்க. எது தெரிஞ்சா உங்களுக்கு நிம்மதி?"

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொன்னா வேலை போயிடுமா? அதான். அது ஒண்ணுதான். யார்கிட்டக் கேட்டாலும் கேட்ட உடனே மாட்டிக்குவேனே. அதான் புத்தகத்துல இருக்குமான்னு..."

இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து விரித்தேன். சேர்ந்து படித்தோம். தானாக முன்வந்து தெரிவிப்பவருக்கு வேறு பணி தர வேண்டும் என்று இருந்தது. சோதனையில் தெரியவந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் விரலை வைத்து அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தார்.

"இது நிச்சயமா?"

"இப்படித்தான் எழுதியிருக்கு. நடக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. உங்க சங்கத்து வக்கீல்கிட்டக் காட்டுங்க."

தெரியாது என்று நான் சொன்னதுதான் அவருக்கு நம்பிக்கை தந்தது போலிருந்தது. பேச ஆரம்பித்தார். "முந்தாநேத்து ஒரு லாரி. பக்கத்துல வந்து ஆரன் அடிச்சிருக்கான். கண்ணாடியில பார்த்தப்பதான் தெரியுது, கை அகலத்துல உரசிட்டுப் போறான். வண்டி நெறைய ஜனம். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கை வரல மேடம்."

"வீட்ல தெரியுமா?"

தலையாட்டினார், இல்லையென்று. "பேச்சைக் குறைச்சுட்டேன். பேசினா அவ பதில் சொல்லுவா, அது காதுல விழணுமே. நான் ஏதோ கோவத்துல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. என்ன தப்பு பண்ணேன்னு ஒருநாள் அழுதா. அதுகூட, அழறது தெரிஞ்சுது. சொன்னது தெரியல."

 

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பேருந்தில் வேறு ஓட்டுநர். "வழக்கமா வர்றவர் எங்கே?" என்றேன். "லீவு" என்றான் அந்தப் பையன், அதற்கு மேல் தெரியாதாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் கேட்டேன்: "நீங்க போன் பண்ணீங்களா?"

இவர் என்னைப் பார்த்த பார்வை! "சனிக்கிழமை போனைக் கையில எடுத்தேன். வெள்ளிக்கிழமை நீ அந்தாளு வந்ததைப் பத்திச் சொன்னப்ப உன் மூஞ்சி இருந்தது ஞாபகம் வந்துது. வச்சுட்டேன்."

நம்பாமல் கேட்டுவிட்டேனே. ராத்திரி தட்டுகளைக் கழுவி வைத்தேன். பிறகு நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்னும் அந்தப் பையன்தான் ஓட்டுகிறான். லீவா, நீக்கமா, வேறு ஏதாவதா? அந்த விதியை நான் சரியாகத்தான் படித்தேனா? திருத்தம் வந்திருந்தால்? இன்று மறுபடி நிலவறைக்குப் போய்ப் பார்த்தேன். திருத்தம் இல்லை. இருந்தும் இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 26, சனி

காலையில் ஒரு பெண்மணி மேசைக்கு வந்தார். பளிச்சென்ற மஞ்சள் புடவை, கையில் சாவி. "வண்டி ஓட்டக் கத்துக்கற புத்தகம் இருக்குங்களா? காரு."

எழுந்து அவர் பக்கம் போனேன். "யார் கத்துக்கப் போறாங்க?"

"நான்தான். எங்க வீட்டுக்காரர் சொல்லித் தர்றாரு. பஸ் ஓட்டிட்டிருந்தவரு. அவரே எழுதிக் கொடுத்துட்டு எறங்கிட்டாரு, இப்ப டிப்போவுலயே வண்டிங்களுக்கு நேரம் போடற வேலை. காதுல மெஷின் வேற. அது விசிலடிக்குது, இவரு அதைத் திட்டறாரு." மூச்சு விட்டுக்கொண்டார். "பிரேக்கு, பிரேக்குன்னு அந்தக் கத்து கத்தறாரு மேடம். நானும் திருப்பிக் கத்தறேன். தெருவே வேடிக்கை பாக்குது. அதான் கொஞ்சம் படிச்சு வச்சுக்கிட்டா, அவர் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடியே மிதிச்சிடலாம்ல?"

சாலை விதிகளுக்கு ஒன்று, கியர் மாற்றுவதற்குப் படம் போட்ட ஒன்று, இரண்டும் எடுத்துக் கொடுத்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் ஒரு பழைய சின்னக் கார். அந்த அம்மாள் புத்தகங்களைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, இந்த அம்மாளும் கையை ஆட்டினார். கார் குலுங்கி நின்றது. மறுபடி குலுங்கியது. பிறகு ஊர்ந்து, திருப்பத்தில் விளக்கு போட்டு, திரும்பிப் போயிற்று.

மேசையில் யாரோ காத்திருந்தார்கள். போனேன்.