ஒருவருக்கு மட்டும் போட்ட ஊசி

இன்று காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மைதாப் பசையின் வாடை. சுகாதாரத் துறை ஆட்கள் பால்வினை நோய் பற்றி ஒரு சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காய்வதற்குள் நின்று முழுவதும் படித்துவிட்டேன். உறை உபயோகிக்கச் சொல்கிறது. கணவனுக்கு நோய் வந்தால் மனைவிக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்குத்தான் பதினைந்து வருடம் தாமதம்.

நமக்குக் கல்யாணமான புதிதில் அதே சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு, இரண்டு பிள்ளை போதும் என்று எழுதியிருந்தது. ஒன்றுகூடத் தங்காத நான் அதைப் படித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவேன். இரண்டு வயிற்றிலேயே கலைந்தன. மூன்றாவது உங்கள் மூக்கும் நெற்றியுமாக, உயிரில்லாமல் வந்தது.

உங்கள் அம்மா என்னைக் கோயிலில் தொட்டில் கட்ட வைத்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஈரப் புடவையோடு மலை சுற்றச் சொன்னார். நீங்களும் கூடவே வந்தீர்களே! அடி அண்ணாமலையில் என்னை உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்து, "கால் வலிக்குதா? மெதுவா போலாம்" என்றீர்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று பூரித்துப் போனேன்.

பிறகு ஒரு லேடி டாக்டர்தான் என் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, மேகநோய், பிள்ளை தங்காததும் அதனால்தான் என்றார். ஊரில் அதற்குப் பொம்பளைச் சீக்கு என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுவருவது ஆண், பழி மட்டும் எங்களுக்கு. "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் ஊசி போடணும்" என்றார் அவர்.

நீங்கள் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கு எப்பவோ சரியாயிடுச்சு. மண்டி வேலையா மெட்ராஸ் போனப்ப வந்துது. வேலூர்ல ஊசி போட்டுக்கினேன். உன்னையும் இட்டுக்கினு வரச் சொன்னாரு டாக்டரு. இத எப்டி சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

எப்போது என்று கேட்டேன். முதல் கர்ப்பத்துக்கும் முன்னால். அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியும் தெரிந்தேதான் என்னோடு நடந்திருக்கிறீர்கள். புருஷன் ஊசி போட்டுக்கொண்டால் பெண்டாட்டிக்கும் சேர்த்துக் குணமாகிவிடும் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டேன். நோய் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் பாய் விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் இறந்த அன்று வாசலில் கூடியவர்கள், "புள்ள இல்லன்னு இன்னொருத்திய கட்டிக்கினாரா? தங்கமான மனுஷன்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று மத்தியானம் திறந்தேன். உங்கள் தங்கை தன் மருமகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது முறையாகக் கலைந்திருக்கிறது.

"அண்ணி, வர்ற பௌர்ணமிக்கு இவள மலை சுத்த வைக்கலாம்னு இருக்கேன்."

"சுத்தட்டும். அதுக்கு முன்ன புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வரட்டும்."

"எம்புள்ளைக்கு இன்னாத்துக்கு?" என்று சீறினாள்.

சொல்லிவிட்டேன். மெட்ராஸ், வேலூர், ஊசி, எல்லாவற்றையும், அந்தப் பெண்ணின் எதிரிலேயே.

"செத்துப்போனவரப் பத்தி இப்டியா பேசுவீங்க?"

"உசுரோட இருந்தப்ப அவரு பேசியிருந்தா எம்புள்ளைங்க இருந்திருக்கும்."

உங்கள் தங்கை காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள். மருமகள் மட்டும் வாசற்படியில் தயங்கி நின்று, "எந்த ஆஸ்பத்திரி, பெரிம்மா?" என்று கேட்டாள். வழி சொல்லி அனுப்பினேன்.

இனி அந்த வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். குழந்தை பிறந்தால் என் கையில் தரவும் மாட்டார்கள். பரவாயில்லை, நல்லபடியாகப் பிறக்கட்டும். உங்கள் மேல் இருக்கும் கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம். அது இருந்ததால்தான் இன்றைக்கு எனக்கு வாய் வந்தது.