ஏற்றத்தில் குந்தும் பிள்ளை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.11.1974

அன்புள்ள பற்றிக் அத்தானுக்கு,

எல்லோரும் சுகம் என்று தொடங்க மனம் வரவில்லை. மழை. அக்கா சுகம். நான் சுகம். உங்கள் மகள் சுகமில்லை.

மன்னாரிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றுமில்லையென்று டொக்டரே சொன்னாராம். செல்லம் கொடுத்துப் பழுதாக்காமல் பள்ளிக்கு நடக்கவிட வேண்டுமாம். மாகிரட் அக்கா அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். அவளுக்கு அது போதும். ஐவியின் உதடு நீலமாகும்போதெல்லாம், நாவற்பழம் தின்றிருக்கிறாள் என்று சீலைத் தலைப்பால் துடைக்கிறாள். நாவற்பழக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, அத்தான்.

ஆகவே இன்று நானே பிள்ளையை, போன லீவில் நீங்கள் காட்டிய அதே டொக்டர் குலசிங்கத்திடம் கூட்டிப் போனேன்.

"உங்கட அத்தானுக்கு எல்லாம் விளக்கமாச் சொன்னனான். ஒவ்வொண்டுக்கும் யெஸ் டொக்டர், யெஸ் டொக்டர் எண்டவர்" என்றார். எந்தப் பாஷையில் என்று கேட்டேன். இங்கிலீசிலாம். நீங்கள் உள்ளே போனதும் குட் மோர்னிங் சொன்னீர்களாம்.

சீனன்குடாவில் வேலைசெய்த காலத்தில் வெள்ளைக்காரனோடு பேசிய இங்கிலீஸ் எண்ணெய்த் தாங்கிக்குப் போதும். இருதயத்துக்குப் போதாது. கோபிக்க வேண்டாம். பல்கலைக்கழகம் போய்வந்த எனக்கும் போதவில்லை. வெளியே வந்து, ஒன்றும் விளங்காமல், திரும்ப உள்ளே போனேன். தமிழில் சொல்லச் சொன்னேன். டொக்டருக்கு எரிச்சல். படட்டும்.

ஐவியின் இருதயத்தில் பிறந்ததிலிருந்தே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் ஒடுக்கம். இரத்தம் போதிய அளவு அங்கே போய்ச் சேர்வதில்லை. அதுதான் நீலம். கீரையால் மாறாது. மடு மாதாவுக்கு நேர்ந்தது நேர்ந்ததாக இருக்கட்டும். கொழும்பில் ஒப்பரேஷனும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் என்று கேட்டேன். ஐவியைத் தாதியோடு வெளியே அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

இன்னொன்று. ஏற்றத்தில் அவள் நடுவழியில் குந்துவாளே. ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போகையில், சனம் பார்க்கிறதென்று கையைப் பிடித்து இழுத்து நிற்கவைத்தீர்கள். சோம்பேறி என்றீர்கள். குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போகுமாம். யாரும் சொல்லிக் கொடுக்காத வைத்தியம். ஏழு வயதில் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அதைத்தான் நீங்கள் பிடுங்கினீர்கள்.

தகப்பன் சம்மதிக்காமல் டொக்டர் கொழும்புக்கு எழுதமாட்டார். லீவு எடுத்து வாருங்கள். தமிழில் கேளுங்கள். விளங்கும்வரை யெஸ் சொல்லாதீர்கள்.

இன்று திரும்பி வரும்போதும் குந்தினாள். உடனே என் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ சின்னம்மா. அப்பாட்டச் சொல்லிப்போடாதீங்கோ."

சொல்லிவிட்டேன்.

நீங்கள் பஸ்ஸால் இறங்கி வருவதைக் கண்டால் அவள் ஓடிவருவாள். பிடித்து வைக்க எங்களால் ஏலாது. பாதி வழியில் குந்துவாள். நீங்களும் பக்கத்தில் குந்துங்கள், அத்தான். சனம் பார்த்தால் பார்க்கட்டும்.

மடு மாதா உங்களைக் கெதியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
சீலா