யாருடைய அளவு, அண்ணை?

அண்ணை,

நேற்றுக் காலை லா சப்பல் கடைத்தெருவில் மரக்கறிக் கடைக்குச் சாமான் இறக்க வந்த வான் ஒன்று பின்னால் எடுக்கும்போது, நிலத்தில் கிடந்த தேசிக்காய்ப் பெட்டி மேல் ஏறிவிட்டது. கடைக்காரர் சாரதியை ஏசிக்கொண்டிருந்தார். நான் தையல் கடைத் திறப்பைக் கையில் பிடித்தபடி அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நசுங்கிய தேசிக்காயும் டயர் ரப்பரும் கலந்த மணம். கூசேன்வில்லில் உங்கள் வீட்டு வாசலில் அன்றைக்கு அடித்த அதே மணம். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போய், ரயில் தாமதம் என்று முதலாளியம்மாவிடம் பொய் சொன்னேன்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அழுகையை விடக் குழப்பம்தான் அதிகம். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஓட்ட மாட்டேன் என்று தெரிந்துகொண்டே ஏன் அந்தக் காரைக் கட்டினீர்கள்?

கார் வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. கார் என்று சொல்வதே கூடிப்போச்சு. போவே நகரப் பக்கத்தில் ஒரு விவசாயியின் கொட்டிலில் கோழிகள் குடியிருந்த பழைய பெஜோவின் கூடு. இயந்திரம் இல்லை, இருக்கை இல்லை, உள்ளே வைக்கோலும் இரண்டு முட்டையும் இருந்தன. அண்ணி முட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் உங்களுக்கு விசர் பிடித்துவிட்டதா என்று கேட்டா. நீங்கள் சிரித்துக்கொண்டு, இதற்குப் பெயர் ஹாட் ராட் என்று விளக்கம் சொன்னீர்கள். கூரையை வெட்டிப் பதிப்பதாம், மட்காட்டைக் கழற்றி முன்சக்கரங்களை வெளியே விடுவதாம், ஒரு வானின் பெரிய இயந்திரத்தைப் பூட்டுவதாம். விமான நிலையத்துப் பட்டறையில் கிழமை முழுக்கப் பயணப்பொதி வண்டில்களைத் திருத்துகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இரும்பா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனாலும் எங்கள் எல்லோரையும் அதற்குள் இழுத்துவிட்டீர்கள். அண்ணி ஏசி ஏசியே கம்பித் தூரிகையால் துருச் சுரண்டினா. உங்கள் மகள் நிலானி பிரெஞ்சில் எழுதி வாசித்து, எங்கெங்கோ இருந்து உதிரிப்பாகங்களை எடுப்பித்தாள். தமிழில் கேட்டதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பிள்ளை, அந்தக் கராஜுக்குள் மட்டும் உங்களோடு தமிழ் கதைத்தாள். நான் வில்லியே லே பெல்லில் இருந்து ஞாயிறுதோறும் ரயில் ஏறி வருவேன். எனக்குக் கிடைத்தது இருக்கைகள். முப்பது வருடம் சேலைச் சட்டை தைத்த கை அண்ணை, தோலுக்கும் பழக்கதோசத்தில் உள்ளே அரை அங்குலம் விட்டுத் தைத்தேன், பிறகு பிரித்துவிடலாம் என்று. "காருக்கும் உடம்பு வைக்குமோ?" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா.

அந்த இருக்கைகளில்தான் நான் பிழை விட்டேன். நீங்கள் இரண்டு தாள் தந்தீர்கள். ஒன்றில் இடது, மற்றதில் வலது. இடதில் கட்டையான ஆளுக்குரிய அளவு, பெடலுக்குக் கிட்ட. வலதில் காலை நீட்டி இருக்கும் நெட்டையான ஆளின் அளவு. நெட்டை நீங்கள்தான், அது எனக்குத் தெரியாதா? ஊரில் சாரதி இருப்பது வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். அண்ணை ஊர் நினைப்பில் மாறி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டி, உங்களைக் கேட்காமலே இரண்டையும் மாற்றித் தைத்துக் கொண்டுவந்தேன். என்னை மெச்சுவீர்கள் என்றும் எதிர்பார்த்தேன்.

நீங்கள் இருக்கையைத் தடவிப் பார்த்தீர்கள்.

"ஏன் மாத்தினனீ பிள்ளை? நான் எழுதினபடி தை."

யாருடைய அளவு அது என்று கேட்டேன். பிறகு சொல்கிறேன் என்றீர்கள். இரண்டு ஞாயிறு முணுமுணுத்துக்கொண்டு பிரித்துத் தைத்தேன். இடம் வலம் தெரியாத மனிதர் கார் கட்ட வெளிக்கிட்டார் என்று அண்ணியிடம் கோளும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தத் தேசிக்காய் நாள். அண்ணி கோயில் ஐயரிடம் நாள் கேட்டிருந்தா. மார்கழி பிறந்தால் நல்ல காரியம் தொடங்கக்கூடாது, அதற்கு முன் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. இயந்திரமோ இன்னும் கராஜ் நிலத்தில் கிடந்தது. உலகத்தில் வேறு யாராவது இயந்திரம் இல்லாத காருக்கு முகூர்த்தம் வைப்பார்களா? நாங்கள் வைத்தோம். நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காய். முன்வீட்டுப் போர்த்துக்கேயத் தம்பதியும் நிலானியும் பின்னால் நின்று தள்ள ஆயத்தம். அண்ணி கற்பூரத் தட்டோடு முன்னால்.

நீங்கள் போய் வலப்பக்க இருக்கையில் இருந்தீர்கள். எல்லோரும் உங்களையே பார்த்தோம்.

"மூண்டு பேரிலை ஆராவது அங்காலை ஏறுங்கோ. எனக்கு எல்லாம் ஒண்டுதான்" என்றீர்கள்.

சனம் பார்க்கிறது என்று நிலானி மறுத்துவிட்டாள். தட்டை யார் பிடிப்பது என்று அண்ணி கேட்டா. அப்படித்தான் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. எனக்குச் சாரதிப் பத்திரம் இல்லை. எழுத்துச் சோதனையில் இரண்டு முறை விழுந்து, பிரெஞ்சுக் கேள்விகளின் வாலும் தலையும் விளங்காமல், வெட்கத்தில் அந்தப் பேச்சையே விட்டவள் நான். நீங்கள் என் பக்கம் திரும்பாமல் சொன்னீர்கள்:

"நேரை இருக்கிறதை நான் பாக்கிறன். பக்கங்களை நீ பார், பிள்ளை."

ஓம் என்று சொல்லிவிட்டு, என்னத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தேன். கார் ஒரு முழம் நகர்ந்து தேசிக்காய்கள் நசுங்கின. போர்த்துக்கேயத் தம்பதி கை தட்டினார்கள். அண்ணி முதன்முதலாக அந்தக் காரைப் பார்த்துச் சிரித்தா.

வசந்த காலத்தில் இயந்திரம் பூட்டி முடுக்கிவிட்டபோது தெருவே அதிர்ந்தது. அன்றும் நீங்கள் உள்ளே ஏறவில்லை, வெளியில் நின்று யன்னலுக்குள்ளால் கையை விட்டுத்தான் முடுக்கினீர்கள். பதிவுக் கடதாசிகள் முடியட்டும், பிறகு ஓடலாம் என்றீர்கள். கடதாசி முடிய முதல் ஒரு காலை பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

போன மாதம்தான் அண்ணி உங்கள் சிவப்புக் கோப்பைத் திறந்தா. காரின் பதிவு விண்ணப்பம் அழகாக நிரப்பியிருந்தது. உரிமையாளரின் பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமை. அதற்கு அடியில் கண் வைத்தியரின் கடிதம். நிலானி வாசித்துத் தமிழில் சொன்னாள். நேரே தெரியும், பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி வாகனம் ஓட்டக்கூடாது. கடிதத்தில் இருந்த திகதி, கோழிக்கூடு வீட்டுக்கு வருவதற்கு முந்திய மாதம்.

விமான நிலையத்தில் தரிப்பிடம் கிடைப்பதில்லை என்று பஸ்ஸில் போகத் தொடங்கினீர்களே, அது பொய். முதுகுவலி என்று இழுவை வண்டி ஓட்டும் வேலையை விட்டுப் பட்டறைக்கு மாறியதும் பொய். கராஜ் கதவில் அடிக்கடி தோளை இடித்துக்கொண்டதற்கு நாங்கள் உங்களைப் பகிடி பண்ணினோம். ஏன் அண்ணை சொல்லவில்லை? உங்கள் மேல் எனக்குச் சரியான கோபம். இரங்கவும் விடாமல் போய்விட்டீர்கள் என்ற கோபம்.

அண்ணிக்கு அந்தக் கராஜ் கதவைக் கடந்து போகவே முடியவில்லை. காரை விற்றுவிடுவோம் என்றா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரோடு இருப்பது அவ, ரயில் ஏறிப் போய்விடுவது நான். போன ஞாயிறு பார்க்க வந்தவர் ஆறடிக்கு மேல் உயரம், மரியாதையான மனிதர். சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சினார். இடப்பக்கம் ஏறியவர் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டி, உள்ளுக்கும் போக முடியாமல் வெளியிலும் வர முடியாமல் நின்றார். இறங்கி வந்து, பரவாயில்லை, இந்தப் பெடல்களை வெட்டித் தள்ளிப் பூட்டலாம், இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம் என்றார்.

அவரைக் கூப்பிட்டதே அண்ணி. அவதான் அண்ணை, காருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றா.

"வெட்ட வேண்டாம் எண்டு சொல்லு நிலானி. இது ஆருக்கோ அளந்து செய்தது."

அவர் போன பிறகு அண்ணி தானாகவே இடப்பக்கம் ஏறி இருந்து பார்த்தா. கால் பெடலில் சரியாக இருந்தது. பிறகு நிலானி இருந்தாள். அவளுக்கும் சரி. பிறகு நான். எனக்கும் சரி. மூன்று பேரும் ஒரே உயரம் என்று எத்தனை தரம் எங்களைக் கேலி செய்திருப்பீர்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் சாரதிப் பத்திரம் இல்லை. எங்களில் யாரை அளந்தீர்கள்? உங்களை எங்காவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று யாரை நினைத்தீர்கள்? அன்றைக்கு நான் ஸ்டியரிங்கில் இருந்தது நீங்கள் விரும்பியா, மற்ற இருவரும் மறுத்ததாலா? எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்றது உண்மைதானா, அதுவும் உங்கள் பொய்களில் ஒன்றா? இவற்றை அண்ணியிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. என்னைத்தான் என்று அவ சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

நேற்று வேலை முடிந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் வழியில், சாரதிப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குள் போய் என் பெயரைப் பதிந்தேன். ஐம்பத்தொரு வயது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ரயிலில் இருந்து அண்ணிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவ, தான் வியாழனே கூசேன்வில்லில் பதிந்துவிட்டதாகச் சொன்னா. பக்கத்தில் நிலானி சிரிப்பது கேட்டது. அவள் தன் போனில் எழுத்துச் சோதனைக்குப் படிக்கத் தொடங்கி நான்கு நாளாம்.

ஒவ்வொருவரும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார் முதலில் பாஸ் பண்ணுவது, யார் முதலில் ஓட்டுவது என்று இனிச் சண்டையும் வரும், எனக்குத் தெரியும். வலப்பக்க இருக்கையில் யார் இருப்பது என்று மட்டும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.